மூக்கில் பால் வரும் குட்டி

கேள்வி: எங்கள் நாட்டு நாய் ஆறு குட்டி போட்டு நாலு நாள் ஆகிறது. ஐந்து கொழுகொழுவென்று இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் பால் குடித்தால் மூக்கில் நுரையாக வருகிறது. பசும்பாலைச் சங்கில் புகட்டலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: கடிதம் வந்த அன்றே போனில் உங்களிடம் சொன்னதுதாம்மா, மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். குட்டியின் வாயைத் திறந்து, டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பாருங்கள். நடுவில் கோடு போலப் பிளவு தெரிந்தால் அது அண்ணப்பிளவு. பால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். அதனால் சங்கு, பாட்டில் இரண்டுமே வேண்டாம். தாய் மடியிலும் விடாதீர்கள்.

மெல்லிய ரப்பர் குழாய் வழியாக நேரே இரைப்பைக்குக் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து குழாயில் குறி போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை கால்நடை மருத்துவர் கையால் செய்வதைப் பார்த்த பிறகே நீங்கள் தொடுங்கள். பசும்பாலில் கொழுப்பும் புரதமும் போதாது. நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடர் வாங்குங்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்றுங்கள், பிறகுதான் பால். பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றை வருடினால்தான் சிறுநீர் போகும்.

தினமும் சமையல் தராசில் எடை பாருங்கள். நான் வளர்த்த ஒன்று 210 கிராமிலேயே மூன்று நாள் நின்று என் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்று நான்கு மாதத்தில் அறுவை சிகிச்சை செய்தோம். இப்போது செருப்பைக் கடிக்கிறது.