நகர மன்றத்தில் மூன்று நிமிடம்: பழைய கடனைப் பற்றியும் மான்களைப் பற்றியும் என்ன கேட்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அடுத்த வாரம் நகர மன்றத்தில் இரண்டு தீர்மானங்கள் ஓட்டுக்கு வருகின்றன. ஒன்று, பழைய கடன் பத்திரங்களை ‘ரீஃபண்டிங்’ செய்வது. இன்னொன்று, மான்களைக் குறைக்கத் துப்பாக்கிக் குழு ஒன்றை அமர்த்துவது. முதலாவதால் என் சொத்து வரி ஏறுமா? மான்கள் எங்கள் தோட்டத்தை மொட்டையடித்துவிட்டன, ஆனாலும் சுடுவது மனதுக்கு ஒப்பவில்லை. பேச மூன்று நிமிடம் தருவார்களாம். என்ன கேட்கலாம்?

பதில்: ‘ரீஃபண்டிங்’ என்றதும் யாரோ பணத்தைத் திருப்பித் தருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக் கடனை ரீஃபைனான்ஸ் செய்கிறோமே, அதேதான். குறைந்த வட்டிக்குப் புதுப் பத்திரம் விற்று, அந்தப் பணத்தில் பழைய பத்திரத்தை அடைக்கிறார்கள். ஆனால் வீட்டுக் கடன் மாதிரி நினைத்த நாளில் அடைக்க முடியாது. நீண்ட காலப் பத்திரம் என்றால், வழக்கமாக முதல் 10 ஆண்டுகளுக்கு அதில் கை வைக்க முடியாது. முன்பெல்லாம் அந்தக் கெடு வருவதற்கு வெகு முன்னதாகவே புதுப் பத்திரம் விற்றுப் பணத்தை ஒதுக்கி வைப்பார்கள். 2017 இறுதியில் வந்த வரிச் சட்டம், அப்படி விற்ற பத்திரத்தை வாங்குவோருக்கு இருந்த வட்டி வரிவிலக்கை எடுத்துவிட்டது. இப்போது வரிவிலக்கு வேண்டுமானால் புதியதை விற்ற 90 நாளுக்குள் பழையதை அடைத்தாக வேண்டும்.

இதனால் மட்டும் உங்கள் வரி ஏறாது. ஒழுங்காகச் செய்தால் கொஞ்சம் குறையவும் கூடும். பழைய கடன் எதிலிருந்து அடைபடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சொத்து வரியிலிருந்து என்றால் மிச்சம் வரியில் தெரியும். குடிநீர்க் கட்டணத்திலிருந்து என்றால் தண்ணீர் பில்லில்தான் தெரியும்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நகரத்துக்கு 1 கோடி டாலர் கடன், 5% வட்டி, இன்னும் 10 ஆண்டு பாக்கி. வருடத் தவணை சுமார் 12.95 லட்சம் டாலர். அதே 10 ஆண்டுக்கு 3.5% வட்டியில் மாற்றினால் தவணை 12.02 லட்சமாகிறது. வருடத்துக்கு 93,000 டாலர் மிச்சம், நல்ல காரியம். இப்போது இன்னொருவர் வந்து, “4% வட்டிக்கு 20 ஆண்டாக நீட்டிவிடலாம், தவணை 7.36 லட்சம்தான்” என்கிறார். கேட்கக் காதுக்கு இனிமை. ஆனால் முதலில் மொத்தம் கட்ட வேண்டியிருந்தது 1.295 கோடி, இப்போது 1.47 கோடிக்கு மேல். வட்டி குறைந்தும் கடன் கூடிவிட்டது! பட்ஜெட்டில் துண்டு விழும் வருடத்தில் இந்த ஆசை எந்த மன்றத்துக்கும் வரும்.

ஆகவே முதல் கேள்வி: கடைசித் தவணை தேதி தள்ளிப் போகிறதா? அடுத்தது: வக்கீல், ஆலோசகர், தரமதிப்பீடு, பத்திரம் விற்பவரின் கமிஷன் எல்லாம் போக, இன்றைய மதிப்பில் எவ்வளவு மிச்சம்? அரசு நிதி அதிகாரிகளின் சங்கமான ஜிஎஃப்ஓஏ, அடைக்கப்படும் அசலில் குறைந்தது 3 முதல் 5% வரை மிஞ்ச வேண்டும் என்று சொல்கிறது. “மொத்தம் இத்தனை லட்சம் மிச்சம்” என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், சதவீதத்தைக் கேளுங்கள். பழைய பத்திரத்தின் விவரங்கள் ‘எம்மா’ (EMMA) என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

சரி, மானுக்கு வருவோம். காட்டு மான் நகரத்தின் சொத்து இல்லை. அது மாநிலத்தின் பொறுப்பு. சுட்டாலும் சரி, கருத்தடை செய்தாலும் சரி, மாநில வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். எங்காவது காட்டில் கொண்டுபோய் விடலாமே என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். பிடித்து இடம் மாற்றிய மான்களில் பல, பிடித்த அதிர்ச்சியிலும் புது இடத்திலும் இறந்துவிடுகின்றன. சிடபிள்யூடி என்ற மூளை நோய் பரவும் என்பதால் பல மாநிலங்கள் அதை அனுமதிப்பதும் இல்லை.

வெள்ளைவால் மான் நல்ல தீனி கிடைத்தால் இரட்டைக் குட்டி போடும். தொல்லை இல்லாத இடத்தில் இரண்டு மூன்று ஆண்டில் கூட்டம் இரட்டிப்பாகிவிடும். அதனால் ஒரே ஒரு குளிர்காலம் சுட்டுவிட்டு நிறுத்தினால், செலவழித்த பணம் வீண். இத்தனை மான் என்ற எண்ணிக்கையைவிட, அதில் எத்தனை பெண் மான், எத்தனை ஆண்டுத் திட்டம் என்பதைக் கேளுங்கள். கொம்பு மானை மட்டும் குறைத்துப் பயனில்லை, மிச்சமிருக்கும் ஓர் ஆண் மானே பல பெண் மான்களுக்குப் போதும்.

சுடுவது ஒப்பவில்லை என்றால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரம் 2016 குளிர்காலத்தில் துப்பாக்கிக் குழுவை வைத்துச் சுட்டது. அடுத்த ஆண்டு அதோடு பெண் மான்களுக்குக் சினைப்பையை நீக்கும் அறுவையையும் சேர்த்துக்கொண்டது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 2016 முதல் ஆண் மான்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தார்கள். தீவு என்பதால் அது பொருந்தியது. சுற்றிலும் திறந்த நிலமாக இருந்தால் வெளி மான் உள்ளே வந்துவிடும். கருத்தடை செய்த மானும் உயிரோடு இருக்கும்வரை உங்கள் செடியை மேயத்தான் செய்யும். பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும், ஒரு மானுக்கான செலவும் அதிகம்.

உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தக் கிருமி உண்ணிக்குத் தொற்றுவது பெரும்பாலும் வெள்ளைக்கால் எலி போன்ற சிறு பிராணிகளிடமிருந்து. மான், வளர்ந்த உண்ணிக்குச் சாப்பாடு போடுகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தால் ஒழிய நோய் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. கார் மோதுவது வேறு கதை. அக்டோபர், நவம்பர் இணை சேரும் பருவத்தில் அது உச்சத்தில் இருக்கும். உங்கள் நகரத்தின் போலீஸ் கணக்கைக் கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். உங்கள் தோட்டத்துக்கோ, மன்றம் எதை முடிவு செய்தாலும், 8 அடி வேலிதான் நம்பகமானது.

இன்னொன்று. கடன் தீர்மானங்களைப் பல நகரங்களில் விவாதம் இல்லாமல் மொத்தமாக நிறைவேறும் பட்டியலில் போட்டுவிடுவார்கள். மானுக்குப் பேச வரிசையே நிற்கும். கடனுக்கு ஓர் ஆள் வராது. கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே உங்கள் வார்டு உறுப்பினருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதைத் தனியாக எடுத்து விவாதிக்கச் சொல்லுங்கள். கடைசித் தவணை தேதியையும் மிச்சத்தின் சதவீதத்தையும் அதே கடிதத்தில் எழுத்தில் கேட்டுவிட்டால், மூன்று நிமிடத்தையும் மானுக்கே வைத்துக்கொள்ளலாம்.