புனர்வாழ்வுச் சான்றிதழ் இருந்தால் இனி வழக்கு வராதா?

கேள்வி: ஐயா, 2009 மே மாதம் போர் முடியும் நேரம் வட்டுவாகல் தாண்டி இராணுவப் பக்கம் வந்தபோது இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) ஒருநாள் இருந்தவர்களும் பதிய வேணும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பதிந்தேன். இரண்டு முகாம்களில் பத்தொன்பது மாதம் வைத்திருந்தார்கள். நீதிமன்றத்துக்கு ஒருநாளும் கொண்டுபோகவில்லை. பிறகு புனர்வாழ்வு முடிந்தது என்று ஒரு சான்றிதழ் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது வெள்ளத்தில் போய்விட்டது. இப்போது தொலைபேசியில் கூப்பிட்டு விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள். திரும்பவும் வழக்குப் போடலாமா? அந்த மாதங்களுக்கு நட்டஈடு கிடைக்குமா? வெளிநாட்டு விசாப் படிவத்தில் இதை எப்படி எழுதுவது?
— வன்னி வாசகர்

பதில்: உங்களுக்குக் கசக்கக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சான்றிதழ் விடுதலைத் தீர்ப்பு அல்ல. ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை வழக்கு நடத்தக்கூடாது என்ற பாதுகாப்பு, ஏற்கெனவே நீதிமன்றம் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ தீர்த்த ஒருவருக்குத்தான் உண்டு. உங்கள்மீது யாரும் குற்றம் சாட்டவேயில்லை. ஆகவே உங்களை யாரும் விடுவிக்கவும் இல்லை.

உங்களை வைத்திருந்தது பெரும்பாலும் 2005 ஆம் ஆண்டின் அவசரகால ஒழுங்குவிதிகளில் 22 ஆம் விதியின்கீழ். அது சரணடைந்தவர்களுக்கான விதி. முதலில் 12 மாதம் வரை, பிறகு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாமல் நீட்டி, மொத்தம் இரண்டு வருடம் வரை வைத்திருக்க அது இடம் கொடுத்தது. "என் சுயவிருப்பில் சரணடைகிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். என்னிடம் வந்த பலருக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது, சிங்களத்தில் இருந்தது என்பது மட்டும் ஞாபகம்.

சட்டப்படி வழக்குப் போடலாம் என்றால், நடைமுறையில் எதை வைத்துப் போடுவார்கள்? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் (1979 இன் 48 ஆம் இலக்கம்) 16 ஆம் பிரிவைப் பாருங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாக ஏற்கலாம். அது மிரட்டி வாங்கியது என்றால் அதை நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில்தான். இந்தச் சட்டத்தின்கீழ் வந்த பல வழக்குகள் அந்த ஒரு தாளில்தான் நிற்கின்றன. பழைய தாள் எங்கேயாவது கிடக்கலாம், அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக ஒன்றைக் கொடுக்காதீர்கள்.

அதனால் தொலைபேசி அழைப்புக்குத் தனியே எழும்பிப் போகவேண்டாம். எந்தப் பொலிஸ் நிலையம், எந்த விடயம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்தால் சட்டத்தரணியோடு போங்கள். வாசித்து விளங்காத மொழியில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். கைதானால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கைது செய்தவரின் கடமை. அதை நம்பி வீட்டார் சும்மா இருக்கக்கூடாது, அன்றைக்கே அவர்களும் முறையிடவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கும் கட்டளையின் உச்ச எல்லை முன்பு 18 மாதம், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். சட்டத்தரணியைச் சந்திக்கும் உரிமையையும் அந்தத் திருத்தம் எழுத்தில் தந்திருக்கிறது.

சான்றிதழுக்கு, 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் பணியகத்துக்கு விண்ணப்பியுங்கள். உள்ளே எடுத்த திகதி, வெளியே விட்ட திகதி, எந்தக் கட்டளையின்கீழ் வைத்திருந்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். தருகிறோமா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் மேன்முறையீடு உண்டு. செஞ்சிலுவைக் குழு தான் நேரில் கண்டு பதிந்தவர்களுக்குத் தடுப்புக்காவல் சான்று கொடுக்கும். ஆனால் 2009 நடுப்பகுதிக்குப் பிறகு புனர்வாழ்வு முகாம்களுக்குள் அவர்களை விடவில்லை, ஆகவே உங்களுக்கு அது உதவுவது சந்தேகம்.

நட்டஈட்டில் நான் ஆசை காட்டமாட்டேன். அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட்டிருக்கவேண்டும். முகாமுக்குள் இருந்தவர் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அந்த விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வீட்டார் அப்போது முறைப்பாடு கொடுத்தார்களா என்று விசாரியுங்கள், பழைய பற்றுச்சீட்டுக்கூடப் பெறுமதியானது. நட்டஈடு கேட்டுப் போடும் சிவில் வழக்குக்கான இரண்டு வருடமும் கடந்துவிட்டது. மிஞ்சியிருப்பது 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இழப்பீட்டுக்கான அலுவலகம். அது நீதிமன்றம் அல்ல, பத்தொன்பது மாதத்தைச் சம்பளக் கணக்குப்போலப் பார்த்துத் தராது. ஆனாலும் விண்ணப்பியுங்கள்.

விசாப் படிவத்தில் "தண்டனை பெற்றவரா" என்ற கேள்விக்கு "இல்லை". அதுதான் உண்மை. "தடுத்து வைக்கப்பட்டவரா" என்று கேட்டால் "ஆம்", திகதிகளோடு. அமைப்பு ஒன்றில் இருந்தீர்களா என்ற கேள்விதான் பாரமானது. பிரித்தானியா 2001 இலும் கனடா 2006 இலும் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தன. அதற்குப் பதில் எழுதுமுன் அந்தந்த நாட்டுச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். திகதி சரியாக ஞாபகம் இல்லையென்றால் "அண்ணளவாக" என்று சேர்த்து எழுதுங்கள், ஊகித்து ஒரு திகதியைப் போடவேண்டாம்.