ஊழியத்துக்கு வந்தவரை வழியனுப்பும்போது கையில் என்ன கொடுக்கிறோம்?

கேள்வி இதுதான்: வெளியூரில் இருந்து ஊழியத்துக்கு வருகிறவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போடுகிறோம், அதற்கு மேல் காசும் கொடுக்க வேண்டுமா, அது அவர்களை அனுப்பிய சபை பார்க்க வேண்டிய வேலை இல்லையா?

நான் வன்னியில் இருக்கிறேன், மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில். எங்களுடையது சின்னச் சபை. வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அதனால் நேராகவே சொல்கிறேன், கொடுக்கத்தான் வேண்டும். சாப்பாட்டை விட வழிச்செலவுதான் பெரிது என்பது என் எண்ணம்.

விருந்து வைக்க எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1995இல் யாழ்ப்பாணத்தில் இருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தபோது, முன்பின் தெரியாத குடும்பங்களுக்கு விறாந்தையையும் கிணற்றையும் விட்டுக்கொடுத்த ஊர்கள் இவை. இன்றைக்கும் பாஸ்டர் வருகிறார் என்றால் ஊர்க்கோழி அடிப்பார்கள், குளத்து விரால் தேடித் திரிவார்கள், எங்கள் மாமி முதல் நாளே புட்டுக்கு மா வறுக்கத் தொடங்கிவிடுவார். நல்ல விஷயம்தான். ஆனால் சாப்பிட்டு ஜெபித்து முடிந்து, அவர் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணும்போது கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டால், அடுத்த ஊருக்கு அவர் எதை ஊற்றிக்கொண்டு போவது?

யோவானின் மூன்றாம் நிருபத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஒரு பக்கம் கூட வராது. முன்பின் அறியாத சகோதரர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டதற்காகக் காயுவைப் பாராட்டுகிற யோவான், அதோடு நிற்காமல், அவர்களைத் தேவனுக்கு ஏற்றபடி வழியனுப்பும் என்றும் கேட்கிறார். அவர்கள் புறஜாதியாரிடம் ஒன்றும் வாங்காமல் புறப்பட்டவர்கள், அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் சத்தியத்துக்கு உடன்வேலையாட்கள் என்று காரணமும் சொல்கிறார். பவுலும் தீத்துவுக்கு எழுதும்போது, சேனாவுக்கும் அப்பொல்லோவுக்கும் பயணத்தில் ஒரு குறையும் வராமல் பார்த்து அனுப்பச் சொல்கிறார். தான் ஸ்பானியாவுக்குப் போக ரோமாபுரிச் சபை உதவி செய்யும் என்று அவரே எதிர்பார்த்திருக்கிறார். அவரை ரோமாபுரி அனுப்பி வைக்கவில்லை, இருந்தும் கேட்கிறார். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

புறத்தாரிடம் வாங்காமல் என்ற அந்த விஷயம் வன்னியில் இன்னும் முக்கியம். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில், சாமான் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு எத்தனை ஊரில் எழும்பியது! எங்கள் அயல் முழுக்கச் சைவக் குடும்பங்கள், நல்ல மனிதர்கள், பசியோடு ஒருவர் படலையில் நின்றால் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். ஆனால் சுவிசேஷம் சொல்ல வந்தவர் அவர்களிடம் பெற்றோல் காசுக்குக் கை நீட்டக்கூடாது, அவர்களை இழுக்க அரிசிப் பையோடும் போகக்கூடாது. கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாமல் அவர் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும் என்றால், அவருடைய செலவை விசுவாசிகள் நாங்கள் சுமந்தே ஆக வேண்டும்.

போன மாரிக்கு மன்னார்ப் பக்கம் இருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். வீதியெல்லாம் ஒரே சேறு. காலையில் அவருடைய மோட்டார் சைக்கிளைக் கழுவப் போன என் கணவர் பின் ரயரைத் தடவிப் பார்த்திருக்கிறார், கட்டை முழுக்கத் தேய்ந்து ஓரத்தில் நூல் வெளியே தெரிந்தது. “ஐயா, இந்த ரயரோடயே மல்லாவி ரோட்டால வந்தனீங்கள்?” என்று கேட்டார். “கர்த்தர் கொண்டுவந்து சேர்த்திட்டார் தம்பி.” “சரி ஐயா, திரும்பிப் போறதை எங்களிட்ட விடுங்கோ” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே மாங்குளத்துக்குக் கொண்டுபோய் ரயரை மாற்றிக்கொண்டு வந்தார். காசு சபையின் பிடியரிசியில் இருந்து வந்தது. சோற்றுக்கு அரிசி போடும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்துத் தகரத்தில் போட்டு வைப்பார்கள், மாதக் கடைசியில் மாதர் சங்கம் அதைச் சேர்த்து விற்கும். காசாகக் கொடுக்க வசதியில்லாத விதவை கூட இதில் பங்கெடுக்கலாம். உங்கள் சபையில் இந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தால் தயவுசெய்து திரும்பத் தொடங்குங்கள்.

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு 50 கிலோமீற்றர் வரும், உள்ளூர்க் குடியிருப்புகளுக்குப் போக வர இன்னும் கூடும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அந்த நாட்களில் தன் பங்கில் ஒரு லீற்றரைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தவர் கொடுத்தது கோழிக்கறியை விடப் பெரியது.

யார் வந்தாலும் கொடுப்பதா என்றால், இல்லை. அதே யோவான் இரண்டாம் நிருபத்தில், கிறிஸ்துவின் உபதேசத்தைக் கொண்டுவராதவனை வீட்டில் ஏற்க வேண்டாம் என்கிறார். திதாக்கே என்ற ஆதித் திருச்சபை நூல் இன்னும் கறார்: வருகிற அப்போஸ்தலன் ஒரு நாள், தேவையென்றால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி, போகும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் அப்பம் வாங்கலாம், காசு கேட்டால் அவனும் கள்ளன். நான் நாட்களை எண்ணுவதில்லை, மழைக்கு வீதி மூடினால் இருக்கட்டும். ஆனால் தானே தொகை சொல்லிக் கேட்கிறவரையும், எந்தச் சபை அனுப்பியது என்று கேட்டால் மழுப்புகிறவரையும் நான் நம்புவதில்லை. அந்தச் சபைப் போதகருக்கு ஒரு போன் எடுத்து விசாரியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையான ஊழியக்காரர் கோபிக்கவும் மாட்டார்.

எங்கள் மண்ணில் இது புதிய வேலையும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பதே குற்றம். 1687இல் கோவாவில் இருந்து பிச்சைக்காரர் கோலத்தில் வந்த யோசேவாஸ் அடிகளை யாழ்ப்பாணத்துச் சில்லாலைச் சனம் ஏற்றுக்கொண்டது அந்த ஆபத்துக்குள்தான். அவர் 2015இல் புனிதராக்கப்பட்டார். அவருக்குக் கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலானோரின் பெயர் கூட நமக்குத் தெரியாது. நான் கத்தோலிக்கர் இல்லை, ஆனாலும் அந்த வீட்டுக்காரரை நினைத்தால் மனம் நெகிழும்.

அப்புறம், கொடுக்கும் விதம். கூட்டத்துக்கு முன்னால் அறிவித்துக் கொடுக்காதீர்கள், மூடிய கடித உறையில் புறப்படும்போது கொடுங்கள். பஸ்ஸில் வந்தவருக்கு ரிக்கற் காசும் வழியில் சாப்பிட ஒரு பார்சலும், மோட்டார் சைக்கிள் என்றால் முதல் நாள் இரவே பெற்றோல். ஊழியத்துக்கு வருகிறவர் பெண் என்றால் பெண்கள் இருக்கிற வீட்டில் தங்க வையுங்கள், காலையில் பஸ் ஏறும் வரை ஒருவர் கூட நில்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லுங்கள், அவரிடம் ரீலோட் இல்லாவிட்டால் நீங்களே எடுத்துக் கேளுங்கள்.