மகள் சோலார் படிக்கலாமா?

பிளஸ் டூ முடித்த மகளை பி.இ. எனர்ஜி இன்ஜினியரிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா, இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) அல்லது மெக்கானிக்கல் எடுக்கச் சொல்லுங்கள். எரிசக்தித் துறைக்கே போகட்டும், ஆனால் அகலமான பட்டத்தோடு போகட்டும். பொதுத்துறை வேலை அறிவிப்புகளில் கல்வித்தகுதிப் பத்தியைப் பார்த்தால், பெரும்பாலும் பழைய பிரிவுகளின் பெயர்தான் இருக்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மானியத்தால் வரும் வேலை வேறு, சட்டத்தால் வரும் வேலை வேறு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் கூரை சோலாருக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். பேனல் மாட்டும் நிறுவனங்கள் பெருகியது இதனால்தான். அந்த வேலைக்கு பி.இ. தேவையில்லை, ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் படிப்பும், சோலார் பேனல் பொருத்தக் கற்றுத்தரும் சூரியமித்ரா என்ற அரசுப் பயிற்சியும் போதும். மானியம் குறைந்தால் ஆள்குறைப்பும் வரும்.

சட்டம் தரும் வேலை அப்படியல்ல. 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிசக்தி செலவிடும் ஆலைகள் 'டெசிக்னேட்டட் கன்ஸ்யூமர்'. எரிசக்திச் செலவைக் கவனிக்கும் எனர்ஜி மேனேஜர் ஒருவரை அவை வைத்தே ஆக வேண்டும். வரம்பு நூற்பாலைக்கு ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி. முழுவதும் மின்சாரம் என்றால் சுமார் 3.5 கோடி யூனிட். சிமென்ட் ஆலைக்கு 30,000 டன். 2012 முதல் 'பேட்' (PAT) என்ற மத்திய அரசுத் திட்டம் இந்த ஆலைகளுக்குச் சேமிப்பு இலக்கு விதித்து வந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் கார்பன் உமிழ்வு இலக்கையும் கொண்டுவருகிறது. அளந்து கணக்குக் காட்ட ஆள் வேண்டும் அல்லவா? உங்கள் மகளுக்கான இடம் அதுதான்.

எனர்ஜி மேனேஜர் ஆவதற்கான தேர்வை பி.இ.இ. (பீரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்ஸி) என்ற மத்திய அமைப்பு நடத்துகிறது. முதல் 3 தாள்கள் தேறினால் எனர்ஜி மேனேஜர். நான்காவதும் தேறினால், ஆலைகளின் எரிசக்திச் செலவைத் தணிக்கை செய்யும் எனர்ஜி ஆடிட்டர். பலர் சறுக்குவது விண்ணப்பத்திலேயே. பி.இ. முடித்தவருக்கு 3 ஆண்டு அனுபவம் வேண்டும், டிப்ளமோ என்றால் 6 ஆண்டு. அதுவும் எரிசக்தி பயன்படும் இயக்கம், பராமரிப்பு, திட்டமிடல் சார்ந்த அனுபவமாக இருக்க வேண்டும். கல்லூரி முடிந்த கையோடு ஐ.டி. கம்பெனியில் புரோகிராம் எழுதிய ஆண்டுகள் இதில் சேராது. இறுதியாண்டிலேயே கோச்சிங்குக்குப் பணம் கட்டுவது வீண். அனுபவச் சான்றில் பதவிப் பெயரோடு நிற்காமல், பாய்லர், கம்ப்ரஸர், மோட்டார் என எதைக் கவனித்தார் என்றும் எழுதி வாங்க வேண்டும்.

நான்காம் தாளில் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். அதை நம்பிப் பயிற்சி செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் கணக்கு, புத்தகத்தில் பக்கம் தேடவே நேரம் போய்விடும். ஒரு மாதிரி: 30 கிலோவாட் மூன்று ஃபேஸ் மோட்டார், முழுச் சுமையில் திறன் 92 சதவீதம். அளந்தது 415 வோல்ட், 40 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.82. உள்ளே போகும் மின்சாரம் 1.732 × 415 × 40 × 0.82, அதாவது 23.6 கிலோவாட். முழுச் சுமையில் 30 ÷ 0.92, அதாவது 32.6 கிலோவாட் போக வேண்டும். எனவே சுமை 72 சதவீதம். பவர் ஃபேக்டரை மறந்தால் 88 சதவீதம் என்று வரும், மோட்டார் நிறைந்த சுமையில் ஓடுகிறது என்று அறிக்கையும் போய்விடும். ஆலையில், கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை மட்டும் பார்க்கிறவர்கள் செய்வதும் இதே தவறுதான்.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் பக்கத்து நூற்பாலையில் இன்டர்ன்ஷிப் கேளுங்கள். புரொடக்‌ஷன் வேண்டாம், மின்சாரம், அழுத்தக் காற்று போன்றவற்றைக் கவனிக்கும் யுடிலிட்டி பிரிவு என்று குறிப்பிட்டே கேளுங்கள். கம்ப்ரஸர் அறையில் காற்றுக் கசிவைக் கணக்கிடக் கற்றுக்கொண்டால், இறுதியாண்டு புராஜெக்டும் அங்கேயே கிடைத்துவிடும்.