மோட்டார் ஓடினால் போர்டு ரீசெட் ஆவது ஏன்?

கேள்வி: இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) இரண்டாம் ஆண்டு லேபில் கோட்டைப் பின்தொடரும் ரோபோ செய்ய வைக்கிறோம். மோட்டார் கிளம்பியதும் ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. கோளாறு புரோகிராமிலா?
– ஒரு விரிவுரையாளர், கிருஷ்ணகிரி

பதில்: பெரும்பாலும் பேட்டரியில்தான். சின்னச் செவ்வக 9 வோல்ட் பேட்டரியின் உள்மின்தடை அதிகம். இரண்டு மோட்டார்கள் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் தாங்க முடியாது. மின்னழுத்தம் சரிய, போர்டு முதலிலிருந்து தொடங்குகிறது. பேட்டரியை உடனே மாற்றிவிடாதீர்கள். பாடமே இதில்தான் இருக்கிறது. சரிவை மாணவர்களே ஆசிலோஸ்கோப்பில் (மின்னழுத்த மாற்றத்தை வரைபடமாகக் காட்டும் கருவி) பார்க்கட்டும். மல்டிமீட்டர் மெதுவானது, நொடிக்கும் குறைவான சரிவைத் தவறவிடும்.

பிறகு 18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணையுங்கள் (7.4 வோல்ட்). மோட்டாருக்கு மின்சாரம் தரும் எல்298என் டிரைவரிலேயே சுமார் 2 வோல்ட் இழப்பு உண்டு என்பதால் 6 வோல்ட் கியர் மோட்டாருக்கு இது பொருந்தும். டிரைவரின் சப்ளை முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (துருவம் மாறினால் வெடிக்கும்!), ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். டிரைவர், ஆர்டுயினோ கிரவுண்டுகளை (0 வோல்ட் முனைகளை) இணைக்க மறக்கும் குழு ஒன்றாவது இருக்கும்.

ஓட்டம் கோணலானால் ஜன்னலைப் பாருங்கள்: வெயிலிலுள்ள அகச்சிவப்புக் கதிர்கள், கோட்டைக் கண்டறியும் சென்சாரைக் குழப்பும். திரையை இழுத்துவிட்டு சென்சார் அளவுகளை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.