கூடுதல் நேரம், ஸ்க்ரைப் (நாம் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்), வகுப்பு வசதிகள்: கல்லூரியில் என்ன காகிதம் கொடுக்க வேண்டும்? கேள்வி பதில்

சென்னையில் ஒரு கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். செமஸ்டர் தேர்வுக்குப் பணம் கட்டும் நேரம் வந்தாலே கேள்விகள் குவியும், அதனால் வந்தவற்றுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும்: நோயின் பெயரை மட்டும் எழுதிய காகிதம் பாதி வேலையைத்தான் செய்யும். அந்த நிலை வகுப்பிலும் தேர்வறையிலும் உங்களை எங்கே தடுக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அக்கா, கொஞ்ச நேரம் எழுதினாலே வலது கை விரல்கள் இறுகிவிடும். ரைட்டர்ஸ் கிராம்ப் என்றார் நியூரோ டாக்டர். சர்டிஃபிகேட்டில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்று போட்டிருக்கிறார்கள். 40 இல்லையென்றால் ஸ்க்ரைப் கிடையாது என்கிறது கல்லூரி. (பி.காம் இரண்டாமாண்டு, தாம்பரம்)

அது சரியில்லை தம்பி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீதம் என்ற கோடு முக்கியமாக இடஒதுக்கீட்டுக்காக வருவது, அதாவது அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் மாதிரியான விஷயங்களுக்கு. தேர்வில் ஸ்க்ரைப் தருவதற்கும் அதே கோட்டைப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. யுபிஎஸ்சி தேர்வு தொடர்பான அந்த வழக்கைப் போட்டவருக்கும் உன்னைப் போலவே ரைட்டர்ஸ் கிராம்ப்தான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 40க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுபவர்களுக்கென்றே மத்திய அரசு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன் கடைசியில் சர்டிஃபிகேட் மாதிரிப் படிவம் இருக்கிறது, அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போ. அதில் ஒரு டாக்டர் கையெழுத்து போதாது, மருத்துவக் குழு கையெழுத்துப் போட வேண்டும், அதனால் ஒரே நாளில் முடியும் என்று நினைத்துப் போகாதே. கல்லூரிக்குக் கொடுக்கும் கடிதத்தில் தீர்ப்பின் தேதியையும் வழிகாட்டுதலின் ஆண்டையும் எழுது. வாயால் சொன்னால் நகராத ஃபைல், தேதி போட்டு எழுதிக் கொடுத்தால் நகர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் "பேஷன்ட் இஸ் அண்டர் ட்ரீட்மென்ட்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். கல்லூரி திருப்பி அனுப்பிவிட்டது. வேறு என்னதான் எழுத வேண்டும்? (எம்.ஏ. மாணவி, பெரம்பூர்)

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு தேர்வுப் பிரிவில் இருப்பவர் எதையும் முடிவு செய்ய முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியவை: என்ன நிலை, எந்தப் பரிசோதனையை வைத்துச் சொல்கிறீர்கள், இது நிரந்தரமா மாறக்கூடியதா, மருந்தினால் வேறு ஏதாவது பாதிப்பு உண்டா, இதனால் எந்த வேலை தடைபடுகிறது, அதற்கு எந்த வசதி வேண்டும், ஏன் வேண்டும். கடைசி இரண்டும்தான் உயிர்நாடி. உதாரணத்துக்கு, "மூட்டுவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்குவதால் இவரால் அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எழுத முடியாது, காலையில் இறுக்கம் அதிகம், எனவே ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், இடையில் எழுந்து கையை நீட்டிக்கொள்ள அனுமதியும், தரைத்தளத்தில் இருக்கையும் தேவை" என்று எழுதியிருந்தால் படிப்பவருக்குச் சந்தேகமே வராது. ஒவ்வொரு வசதிக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது பாருங்கள். ஓ.பி.யில் நிற்கும் கூட்டத்தில் டாக்டருக்கு இதையெல்லாம் யோசித்து எழுத நேரம் இருக்காது, எனவே வகுப்பில் என்ன கஷ்டம், லேபில் என்ன கஷ்டம், தேர்வில் என்ன கஷ்டம் என்று ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். அந்த ஒரு பக்கம் இருந்தால் கிடைக்கும் கடிதமே வேறு மாதிரி இருக்கும்.

மணிக்கு 20 நிமிடம் என்பது நான் போட்ட கணக்கு இல்லை. மத்திய அரசின் 2018 தேர்வு வழிகாட்டுதலில் குறைந்தபட்சம் அவ்வளவு என்றிருக்கிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம்.

மேடம், என் பையனுக்கு டிஸ்லெக்ஸியா, வாசிக்க எழுதச் சிரமப்படும் கற்றல் குறைபாடு. பிளஸ் டூவில் மொழிப்பாட விலக்கும் கூடுதல் நேரமும் கிடைத்தது. கல்லூரியில் அந்த ஆர்டரைக் காட்டினால் செல்லாது என்கிறார்கள். (ஒரு அம்மா, அம்பத்தூர்)

பள்ளித் தேர்வுக்கு வாங்கிய ஆர்டர் பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தானாக வந்து சேராதும்மா, அதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அது வீணான காகிதம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சிறு வயதிலிருந்தே இந்தச் சிரமம் இருந்தது, வசதி கொடுத்தபோது பலன் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. புதிய விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்து, கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்புங்கள். இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம், ஸ்க்ரைப் எல்லாம் 2016 சட்டத்தின் 17வது பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன, அதையும் குறிப்பிடுங்கள்.

பையனுக்கு 18 ஆகிவிட்டதா? கற்றல் குறைபாட்டுக்கு 2018ல் வந்த மதிப்பீட்டு விதிப்படி 8, 14, 18 வயதுகளில் சோதனை, 18ல் தருவது ஆயுளுக்கும் செல்லும். பள்ளியில் படிக்கும்போது வாங்கிய சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தால் கேள்வி வரத்தான் செய்யும். தனியாரிடம் சோதனை செய்தால் அந்த உளவியலாளரின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

யூடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) சென்னையில் எங்கே போவது? (பலர் கேட்டது)

முதலில் ஆன்லைனில் விண்ணப்பம், மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் தளத்தில். அங்கே மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் நேரில் போக வேண்டும். எந்தத் துறை டாக்டர் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்து இடம் மாறும்: கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, கை கால் என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை அல்லது கே.கே. நகர் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் முட்டுக்காட்டில் அதற்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது, மதிப்பீடு நன்றாகச் செய்வார்கள். பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஜெராக்ஸோடு கொண்டு போங்கள்.

எனக்கு பைபோலார் என்ற மனநலப் பிரச்சினை. சொன்னால் டிபார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இதுவரை எதுவும் கேட்கவில்லை. (இன்ஜினியரிங் மூன்றாமாண்டு)

உங்கள் பயம் நியாயமானது. அதைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. முழு மருத்துவ அறிக்கையும் ஒரே இடத்தில், உதவிப் பிரிவிலோ சம வாய்ப்பு மையத்திலோ மட்டும் இருக்கட்டும். எச்.ஓ.டி.க்கும் பாட ஆசிரியருக்கும் "இந்த மாணவருக்கு இன்னின்ன வசதி அனுமதிக்கப்பட்டுள்ளது" என்ற கடிதம் போதும், அதில் நோயின் பெயர் வரத் தேவையே இல்லை. அப்படித்தான் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். உங்களைப் பார்க்கும் டாக்டரும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். கேட்காமல் இருந்து ஒவ்வொரு செமஸ்டரும் அரியரோடு போராடுவதைவிட, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, காலை நேர மருந்து மயக்கத்துக்கும் இடைவேளைக்கும் வழி செய்துகொள்வது உங்களுக்கு நல்லது. தயவுசெய்து இந்த செமஸ்டரிலேயே கேளுங்கள்.

ஒரு காது மட்டும் சுத்தமாகக் கேட்காது. சர்டிஃபிகேட் கிடைக்குமா? (பி.எஸ்சி., வண்ணாரப்பேட்டை)

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அட்டவணையில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, எனவே அதன் கீழ் வருவது கடினம். ஆனாலும் ஆடியோகிராமோடு (கேட்கும் திறன் சோதனை அறிக்கை) துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார இடம், வாய்மொழித் தேர்வில் கேள்வியை எழுத்தில் தருவது, இதெல்லாம் செலவில்லாதவை. மறுக்கும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஏடிஎச்டி (கவனம் சிதறும், ஓரிடத்தில் இருக்க முடியாத நிலை) 2016 சட்டத்தில் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் இருக்கிறதா?

தனிப் பெயராக இல்லை. கூடவே கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முழு மதிப்பீடு செய்து பாருங்கள், இருந்தால் அதன் வழியாகப் போகலாம். இல்லையென்றால் மனநல மருத்துவரின் விரிவான கடிதத்தோடு, தனி அறை, இடைவேளை என்று குறிப்பாகக் கேளுங்கள்.

ஸ்க்ரைப்பை நானே அழைத்து வரலாமா? தோழி என் வகுப்புதான். (பார்வைக் குறைபாடு உள்ள மாணவி, ராயபுரம்)

நீங்களே அழைத்து வரலாம், ஆனால் உங்கள் படிப்புக்குக் கீழே படித்தவராக இருக்க வேண்டும், அதனால் தோழி முடியாது. கல்லூரி ஏற்பாடு செய்தால், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்துப் பேச உங்களுக்கு அனுமதி உண்டு. கட்டாயம் சந்தியுங்கள். பாடச் சொற்களைச் சொல்லி எழுத வைத்துப் பாருங்கள், எழுத்து வேகம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் எம்.எஸ். போகிறேன். இங்கே வாங்கிய யூடிஐடி அங்கே செல்லுமா?

கார்டை மட்டும் வைத்து அங்கே எதுவும் நடக்காது. அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கும், அவர்கள் கேட்பது ஆங்கிலத்தில் சமீபத்திய மருத்துவ அறிக்கை, மேலே பெரம்பூர் மாணவிக்குச் சொன்ன மாதிரி. நீங்களாகப் போய்ப் பதிவு செய்ய வேண்டும், யாரும் தேடி வர மாட்டார்கள், பதிவுக்கு முன்னால் எழுதிய தேர்வுக்குப் பொதுவாக எதுவும் செய்ய மாட்டார்கள். ஜிஆர்இ, டோஃபலுக்கும் வசதி வேண்டுமென்றால் அனுமதி வந்த பிறகுதான் தேர்வுத் தேதி போட முடியும், எனவே பல மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

எல்லாம் கொடுத்தும் கல்லூரி பதிலே சொல்லவில்லை. என்ன செய்வது?

கொடுத்த கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றே மறுபடி கொடுத்து வாங்குங்கள். அரசுக் கல்லூரி என்றால் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 23வது பிரிவு சொல்கிறது, அவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கேயும் நகரவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம், வக்கீல் தேவையில்லை. பிரச்சினை சர்டிஃபிகேட்டில் போட்ட சதவீதம் என்றால் அதற்கு 59வது பிரிவில் தனி மேல்முறையீடு உண்டு. ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே இதையெல்லாம் தொடங்கிவிடுங்கள்.