எஜமானின் பண்ணையை வாங்கியவர்

கேள்வி: அமெரிக்கத் தென்மாநிலத்தில், அடிமையாக இருந்த ஒருவரே தன் எஜமானின் பண்ணையை விலைக்கு வாங்கினார் என்கிறார்களே, யார் அவர்?

பதில்: பெஞ்சமின் மாண்ட்கோமரி. 1819-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1830களில் விற்கப்பட்டு, மிசிசிப்பியில் ஜோசப் டேவிஸின் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். விக்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே மிசிசிப்பி ஆறு வளைந்தோடிய அந்த இடத்துக்கு டேவிஸ் பெண்டு என்று பெயர். ஜோசப்பின் தம்பிதான் பின்னாளில், அடிமை முறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபரான ஜெஃபர்சன் டேவிஸ்.

எஜமானின் நூலகத்தில் படித்தே மாண்ட்கோமரி நில அளவையும் இயந்திர வேலையும் கற்றார். பண்ணையில் கடை வைத்தார். ஆழமில்லாத நீரிலும் நீராவிப் படகைச் செலுத்த ஒரு சுழலியை (புரொப்பல்லர்) வடிவமைத்தார். அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று 1858-ல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்ததால் அது பதிவாகவில்லை. அந்த அநியாயத்தை இன்று படித்தாலும் கோபம் வருகிறது.

உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1866-ல் ஹரிக்கேன், தம்பி ஜெஃபர்சன் முன்பு நடத்திய பிரையர்ஃபீல்டு என்ற இரு பண்ணைகளையும் ஜோசப் 3,00,000 டாலருக்குக் கடனாக அவருக்கு விற்றார். கறுப்பின மக்கள் நகரங்களுக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதையே மிசிசிப்பி சட்டம் தடுத்திருந்த காலம் அது. மறு ஆண்டே மாண்ட்கோமரி, சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்த மாநிலத்தில் அரசுப் பதவி ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

கேள்வி: அவ்வளவு திறமைசாலி ஏன் பண்ணையை இழந்தார்? விவசாயத்தில் தவறு செய்தாரா?

பதில்: இல்லை. அவர் பருத்தி 1870-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றது. அவரை வீழ்த்தியவை வெள்ளமும் விலையும்தான்.

முதலில் பருத்தி வேலையைப் பாருங்கள். வசந்தத் தொடக்கத்தில் உழுது பார் (மேட்டு வரிசை) பிடிப்பார்கள். ஏப்ரல் வாக்கில் பாரின் மேல் விதையை நெருக்கமாக விதைப்பார்கள். நாற்று எழுந்ததும் களைக்கொட்டால் சிலவற்றை வெட்டி, இடைவெளி விட்டுக் கலைத்துவிடுவார்கள்; கலைக்காவிட்டால் செடி உயர்ந்து வளரும், காய் பிடிக்காது. ஜூலை வரை களையெடுப்பு. செப்டம்பரிலிருந்து காய் வெடிக்க வெடிக்க எடுப்பு. எல்லாக் காயும் ஒரே சமயத்தில் வெடிக்காது, ஆகவே ஒரே வயலில் இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டும். சருகும் ஈரமும் சேர்ந்தால் பஞ்சின் தரம் இறங்கிவிடும். எடுத்த பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி பெரும்பாலும் கொட்டை. 450 பவுண்டு பொதி ஒன்றுக்குச் சுமார் 1,350 பவுண்டு பருத்தியை அரைத்து, அதாவது இயந்திரத்தில் இட்டு, கொட்டை நீக்க வேண்டும்.

1867-ல் ஆறு கரையை உடைத்து, வளைவின் கழுத்தையே வெட்டிப் புதுவழியில் ஓடியது. டேவிஸ் பெண்டு தீவாகிவிட்டது. தண்ணீர் வடிந்தபின் தாமதமாக விதைத்த பயிர் இளசாக இருக்கும்போதே புழு வந்து இலையைத் தின்றது. இலை போனால் காய் முற்றாது. முதல் விளைச்சலே இப்படிப் போயிற்று.

அதிலிருந்து எழுந்து நல்ல மகசூல் கண்டபிறகும் விலை காலை வாரியது. 1866 வாக்கில் பவுண்டு 30 சென்ட் என்று வையுங்கள். ஒரு பொதிக்கு 135 டாலர், மொத்தக் கடன் 2,222 பொதிகளுக்குச் சமம். 1870களின் நடுவில் விலை 11 சென்ட் அளவுக்கு இறங்கியபோது பொதிக்கு 49 டாலர் 50 சென்ட்தான். அதே கடன் 6,000 பொதிகளைத் தாண்டிவிட்டது, வட்டி இல்லாமலே. எவ்வளவு கெட்டிக்காரர் நடத்தினாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. நிலத்தை முழுவதும் கடனில் வாங்கி, ஒரே பயிரை நம்பியதுதான் பலவீனம். ஆனால் அன்று பருத்தியைத் தவிர வேறெதற்கும் கடைக்காரர்கள் முன்பணம் தர முன்வருவதில்லை.

மாண்ட்கோமரி 1877-ல் இறந்தார். மறு ஆண்டு பிரையர்ஃபீல்டு ஜெஃபர்சன் டேவிஸுக்கே உரியது என்று மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: குடும்பம் பிறகு என்ன ஆனது?

பதில்: மகன் ஐசாயா 1887-ல் உறவினர் பெஞ்சமின் கிரீனுடன் மிசிசிப்பி டெல்டா எனும் ஆற்றுச் சமவெளியின் காட்டில், ரயில் பாதையோரம் மவுண்ட் பாயூ என்ற கறுப்பினத்தவர் ஊரை நிறுவினார். மரத்தை வெட்டி விற்றுக்கொண்டே நிலத்தைத் திருத்தினார்கள். 1890-ல் மாநில அரசியலமைப்பு மாநாட்டுக்குச் சென்ற ஒரே கறுப்பினப் பிரதிநிதியும் ஐசாயாதான். அங்கே கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கும் விதிகளுக்கு ஆதரவாக அவர் வாக்களித்தார். ஊரைக் காப்பாற்றச் செய்த சமரசம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம் என்பதே எங்கள் கருத்து.